சமையலறையில் எழும் சத்தம்



இம்மாதம் நாம் சிந்திக்கப்போகும் பொருள் உங்கள் சமையலறையிலேயே நிற்கிறது. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோயின் நிமித்தம் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வர இயலாமற்போயிற்று. அலுவலக வேலை, பிள்ளைகளின் படிப்பு, மூன்று வேளைச் சமையல் யாவும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. அந்நாட்களில் மும்பை, பெங்களூரு, புனே, ஐதராபாத், தில்லி போன்ற நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில் அநேகர் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை முதன்முறையாக வாங்கினார்கள். டிஷ்வாஷர் என்ற சொல் சபைக்கூட்டம் முடிந்தபின் சகோதரிகள் பேசிக்கொள்ளும் பேச்சிலும் இடம்பெற்றது.

அவ்வாறு வாங்கிய இயந்திரங்களுக்கு இப்போது வயது ஏறிவிட்டது. அமைதியாய் வேலை செய்தவை உறுமுகின்றன, தட்டுகின்றன, அதிருகின்றன. இரவில் பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள், கீழ்வீட்டார் முறையிடுகிறார்கள், வீட்டுக்குள்ளும் கசப்பான வார்த்தைகள் எழும்புகின்றன. ஆகையால் இச்சத்தத்தைப் பற்றி எழுதுவது அவசியமென்று கண்டேன். இது இயந்திரத்தைக் குறித்த காரியம்; குடும்பத்தைக் குறித்த காரியமுமாம்.

சாமுவேலின் செவி

1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். அமலேக்கியரின் மேல் யுத்தத்திற்குப் போய்த் திரும்பிய சவுல், கர்த்தருடைய வார்த்தையை முற்றிலும் நிறைவேற்றினதாகத் தீர்க்கதரிசியிடம் சொல்லுகிறான். அவன் பேச்சில் பழுதில்லை. ஆனால் பின்னாலிருந்து ஆடுகளின் சத்தம் கேட்கிறது. உயிரோடே வைக்கக்கூடாதவைகளை உயிரோடே வைத்திருந்ததை அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்தது. சாமுவேல் சவுலின் வார்த்தைகளைக் கேட்ட அதே செவியால் ஆடுகளின் சத்தத்தையும் கேட்டார். அதைக் குறித்தே விசாரித்தார். உடனே சவுல் ஜனங்களின்மேல் பழியைச் சுமத்தினான்.

சத்தம் ஒரு சாட்சி. உள்ளே மறைந்திருக்கிற ஒன்றை அது வெளியே அறிவிக்கிறது. சாட்சியின் வாயை அடைப்பதும், பிறர்மேல் பழிபோடுவதும் எளிது. சாட்சி சொல்லுவதைப் பொறுமையோடு கேட்பதே ஞானம். உங்கள் சமையலறை இயந்திரத்தின் காரியத்திலும் இந்த ஒழுங்கு பொருந்தும். என்ன சத்தம், எந்த வேளையில் வருகிறது என்று கவனித்தால், பெரும்பாலான காரணங்களை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இயல்பான சத்தங்கள்

ஒரு நல்ல இயந்திரமும் சத்தமிடும். அது வேலை செய்கிற விதத்தை அறிந்துகொண்டால் வீணான பயம் நீங்கும்.

முதலாவது, ஒரு மின்வால்வு திறந்து, குழாயிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது. அப்போது சீறும் ஓசை கேட்கும். பின்பு அடிப்பாகத்தில் தேங்கிய தண்ணீரைப் பம்ப் ஒன்று மேலே தள்ளுகிறது. மேலும் கீழும் உள்ள நீண்ட கரங்களின் துவாரங்கள் வழியாக அது பீறிட்டு வெளிப்படுகிறது. அந்தக் கரங்களைச் சுற்றுவதற்குத் தனி மோட்டார் கிடையாது. பீறிடும் நீரின் எதிர்விசையே அவைகளைச் சுழற்றுகிறது. ஆகவே மழை பெய்வதுபோன்ற ஓசை எழும்பி, சற்றே ஓய்ந்து, மறுபடியும் எழும்பும். நடுவில் ஒருமுறை 'டக்' என்று கேட்டால், சோப்புப் பெட்டியின் மூடி திறந்தது என்று பொருள். முடிவில் வேறொரு பம்ப் அழுக்குநீரை வெளியேற்றுகிறது. அது விட்டுவிட்டு உறுமும். ஒரே தண்ணீரை வடிகட்டி வடிகட்டித் திரும்பத் திரும்பத் தெளிப்பதால்தான், பெரிய இயந்திரமுங்கூட ஒரு முறைக்கு ஏறக்குறைய 10 முதல் 15 லிட்டர் தண்ணீரில் வேலையை முடித்துவிடுகிறது.

இயந்திரத்தோடு வரும் கையேட்டில் அதன் சத்தம் டெசிபல் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களுக்கு அது 40க்கு மேல் 55க்குள் இருக்கும். இரண்டுபேர் சாதாரணமாய்ப் பேசிக்கொள்வது ஏறத்தாழ 60 டெசிபல். ஆகையால், பக்கத்தில் நின்று பேசும் உங்கள் பேச்சையே அமிழ்த்திவிடும் அளவுக்கு இயந்திரம் சத்தமிட்டால், ஏதோ ஒன்று சரியாக இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

வேளையை அறிந்தால் காரணத்தை அறியலாம்

1. தண்ணீர் நிரம்பும் வேளையில்: நிரம்பி முடிந்ததும் சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் 'தடால்' என்று கேட்டால், குழாய் அடிக்கிறது என்று பொருள். வேகமாய் ஓடிவந்த தண்ணீர், வால்வு சட்டென்று மூடியதும் குழாயை அறைகிறது. பிரஷர் பம்ப் பொருத்திய அடுக்குமாடி வீடுகளில் இது மிகுதி. இயந்திரத்திற்குச் செல்லும் குழாயைச் சற்றே குறைத்துத் திறந்து பாருங்கள். குழாய் சுவரில் உறுதியாய்ப் பிடிக்கப்படாமல் ஆடினால், பிளம்பரைக் கொண்டு இறுக்கிவிடுங்கள்.

2. கழுவும் வேளையில் ஒரே தாளத்தில் 'டக், டக்' என்ற ஒலி: சுழலும் கரம் ஏதோ ஒரு பாத்திரத்தில் மோதுகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் நீண்ட காம்புள்ள கரண்டியோ, உயரமான தட்டோ, பெரிய குக்கரோதான் காரணம். இயந்திரத்தை நிறுத்தி, நீராவி அடங்கியபின் கதவைத் திறந்து, கரத்தைக் கையால் ஒருமுறை முழுவதும் சுற்றிப் பாருங்கள். பாத்திரங்களை அடுக்கி முடித்ததும் இதைச் செய்துவிட்டே கதவை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. தாளமில்லாமல் 'கிணுகிணு' என்று கேட்டால், எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன; அவைகளுக்கு நடுவே சற்று இடம் விடுங்கள்.

3. கழுவும் வேளையில் இரைப்பும் மூச்சுத்திணறலும்: பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கிறது. இதற்கு இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, தண்ணீர் போதாமை. மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடியில் குடியிருக்கிறவர்களுக்கு 2 அல்லது 3 மீட்டர் உயரந்தான் கிடைக்கும். அநேக இயந்திரங்களுக்கு அந்த அழுத்தம் போதாது. உங்கள் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும், பாருங்கள். மற்றொன்று, நுரை. சோப்பு தீர்ந்துவிட்டதென்று கையால் துலக்கும் சோப்புத் திரவத்தை ஊற்றுவோர் உண்டு. அது உள்ளே நுரைத்துப் பொங்கிப் பம்பைத் திணறடிக்கும். டிஷ்வாஷருக்கென்று விற்கப்படும் சோப்பையே உபயோகியுங்கள்.

4. தண்ணீரை வெளியேற்றும் வேளையில் 'கடகட' என்ற ஒலி: வெளியேற்றும் பம்பின் சிறு சக்கரத்தில் ஏதோ அகப்பட்டிருக்கிறது. புளியங்கொட்டை, எலுமிச்சை விதை, எலும்புத்துண்டு, பல்குத்தும் குச்சி, உடைந்த கண்ணாடிச் சில் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். உறுமல் மாத்திரம் கேட்டு, தண்ணீர் வெளியேறாவிட்டால், சக்கரம் முற்றிலும் மாட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது பின்னாலுள்ள வடிகுழாய் மடங்கி நசுங்கியிருக்கலாம்.

5. எல்லா வேளையிலும் அதிர்வு: நான்கு கால்களும் சமமாய்த் தரையில் நிற்கவில்லை, அல்லது இயந்திரம் சுவரையோ பக்கத்து அலமாரியையோ தொட்டுக்கொண்டு நிற்கிறது. கால்களைத் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்துச் சமப்படுத்துங்கள். பின்புறக் குழாய்கள் தகட்டில் மோதாமல் சற்று இடைவெளி இருக்கட்டும்.

6. ஊரிலிருந்து திரும்பியபின் வரும் உறுமல்: மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போய், ஒரு மாதம் கழித்து வருகிறீர்கள். இயந்திரத்தைப் போட்டால் உறுமுகிறது, வேலை நடக்கவில்லை. உள்ளே காய்ந்துபோன அழுக்கும் உப்பும் பம்பைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். ஊருக்குப் புறப்படுமுன் ஃபில்டரைக் கழுவி, தண்ணீர்க் குழாயை மூடி, பிளக்கை எடுத்துவிட்டு, கதவைச் சற்றே திறந்து வைத்துப் போவது இதைத் தவிர்க்க உதவும்.

வாரத்திற்குப் பத்து நிமிடம்

மேற்சொன்னவற்றில் பல தொல்லைகளுக்கு ஃபில்டரே ஆரம்பம். கீழ்த்தட்டை வெளியே எடுத்தால், அடியில் உருளை வடிவில் ஒரு சல்லடை தெரியும். மேலே பளபளப்பாக இருக்கும் இயந்திரத்தின் அசுத்தமெல்லாம் அங்கேதான் சேருகிறது. போஜனபாத்திரங்களின் வெளிப்புறத்தைச் சுத்தமாக்கி உட்புறத்தை விட்டுவிட்டவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்டதை (மத்தேயு 23:25,26) இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

செய்யவேண்டியது இதுவே. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். சற்றுமுன் ஓடியிருந்தால் அரைமணிநேரம் ஆறவிடுங்கள். உள்ளே தண்ணீர் 60, 70 டிகிரி வரை சூடாகியிருக்கும். சல்லடையை இடப்புறமாகத் திருகி மேலே தூக்கினால் அநேக மாடல்களில் கழன்றுவரும். குழாய்த் தண்ணீரில் மிருதுவான பிரஷால் தேயுங்கள். கம்பி நாரால் தேய்த்தால் சல்லடை கிழிந்துவிடும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். வெறுங்கையை உள்ளே விடாதிருங்கள். கண்ணாடிச் சில் இருக்கலாம், கையுறை அவசியம். சில மாடல்களில் அங்கேயே ஒரு சிறு மூடியைக் கழற்றினால், வெளியேற்றும் பம்பின் சக்கரத்தையும் காணலாம்; கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். திரும்பப் பொருத்தும்போது சல்லடையை இறுகத் திருகிப் பூட்டுவது மிக முக்கியம். பூட்டாத சல்லடை தானும் ஓசையிடும். விதைகளையும் பம்புக்குள் அனுப்பிவிடும்.

பாத்திரங்களை உள்ளே வைப்பதற்குமுன் எலும்பு, கறிவேப்பிலைக் காம்பு, புளிச்சக்கை முதலியவைகளைக் குப்பைத் தொட்டியில் தட்டிவிடுங்கள். முழுவதுமாய்க் கழுவி வைக்கவேண்டிய அவசியமில்லை.

உப்பும் உப்புத்தண்ணீரும்

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் போர்வெல் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பி வாழ்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அத்தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதியாயிருந்தால், சூடாக்கும்போது அவை வெள்ளைக் காறையாகப் படியும். சுழலும் கரங்களின் துவாரங்களை அது அடைக்கும். பாதித் துவாரம் அடைபட்ட கரம் ஒழுங்காய்ச் சுழலாது. பாத்திரமும் சுத்தமாகாது. மாதத்திற்கொருமுறை கரங்களைக் கழற்றி, துவாரங்களைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள்.

அநேக இயந்திரங்களின் அடியில் உப்புப்போடும் அறை ஒன்று இருக்கிறது. தண்ணீரின் கடினத்தை நீக்கும் பிசின்மணிகள் உள்ளே உண்டு. அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுக்கொடுக்கின்றன. சில நாட்களில் அவைகளின் பலம் தீர்ந்துபோகும். உப்பே அவைகளுக்கு மறுபடியும் பலங்கொடுக்கிறது. டிஷ்வாஷருக்கென்று விற்கும் கல் போன்ற சுத்தமான உப்பையே இடுங்கள். சமையலுக்கு வாங்கும் தூளுப்பில் கட்டிபிடிக்காதிருக்கச் சேர்க்கும் பொருட்கள் அந்த அறையைக் கெடுக்கும்.

எரிகோவின் கெட்ட தண்ணீரில் எலிசா உப்பைப் போட்டு ஆரோக்கியமாக்கினதை (2 இராஜாக்கள் 2:19-22) அற்புதமென்று பிரசங்கிக்கிறோம், அது அற்புதமே. உங்கள் சமையலறையிலோ அற்புதத்திற்குக் காத்திருக்கவேண்டியதில்லை. உப்பு தீர்ந்ததென்று எரியும் விளக்கைக் கண்டதும் உப்பைப் போட்டால் போதும்.

எப்போது மெக்கானிக்கை அழைக்கவேண்டும்?

ஃபில்டரும் கரங்களும் சுத்தமாயிருந்தும், கழுவும் வேளை முழுவதும் இரும்பு அரைபடுவதுபோன்ற ஓசை நாளுக்குநாள் பெருகினால், முக்கியப் பம்பின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அதை வீட்டில் சரிசெய்ய இயலாது. தீய்ந்த வாசனை வந்தாலும், தரையில் தண்ணீர் கசிந்தாலும், கதவைத் தொட்டால் ஷாக் அடித்தாலும், மெயின் ஸ்விட்ச் தானாய் விழுந்தாலும், உடனே மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கிலேயே இயந்திரத்தை இணைக்கவேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். வாரண்டி காலம் முடியாதிருந்தால் வெளித்தகடுகளைக் கழற்றாதிருங்கள். மெக்கானிக் வரும்போது 'சத்தம் வருகிறது' என்று மாத்திரம் சொல்லாமல், எந்த வேளையில், எப்படிப்பட்ட சத்தம் என்று சொல்லுங்கள். செல்போனில் பதிவுசெய்து வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

ஜெபிக்கவேண்டியதும் கழுவவேண்டியதும்

நவி மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் ஒரு விசுவாசக் குடும்பத்தின் காரியத்தை, அவர்களின் அனுமதியோடு சொல்லுகிறேன். சகோதரி மருத்துவமனையில் நர்ஸ். மாலைப் பணி முடிந்து வீடு சேர இரவு பத்துமணி ஆகும். பதினொரு மணிக்குப் பாத்திரங்களை இயந்திரத்தில் வைத்துப் போட்டுவிட்டு உறங்கப் போவார். கீழ்வீட்டில் ஒரு மராத்தி முதியவரும் அவர் மனைவியும். முதியவருக்கு இருதய அறுவைசிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இரண்டுமுறை மேலே வந்து சொன்னார்; மூன்றாம்முறை சொசைட்டி அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தார்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் அக்குடும்பத்தார் கொடுத்த ஜெபவிண்ணப்பம், கீழ்வீட்டார் தங்களுக்கு விரோதமாய் எழும்பியிருக்கிறார்கள், சத்துருவின் கிரியைகள் அழியவேண்டும் என்பதே. எல்லாரும் ஊக்கமாய் ஜெபித்தார்கள். அக்கூட்டத்தில் ஏ.சி. பழுதுபார்க்கும் தொழில் செய்கிற ஒரு மூத்த சகோதரன் இருந்தார். ஜெபம் முடிந்ததும் அவர், "தம்பி, அந்த மெஷினில் எந்த நேரத்தில் சத்தம் வருகிறது?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. போட்டுவிட்டுக் கேட்டார்கள். தண்ணீர் வெளியேறும் வேளையில் கடகடவென்ற ஓசை. அதோடு இயந்திரம் சுவரோடு சுவராய் ஒட்டி நின்றபடியால் கட்டடமே அதை ஏற்று முழங்கிற்று. பம்பின் சக்கரத்திலிருந்து இரண்டு புளியங்கொட்டைகளையும் ஒரு கண்ணாடிச் சில்லையும் எடுத்தார். இயந்திரத்தைச் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை நகர்த்தினார். முக்கால் மணிநேர வேலை.

பிரியமானவர்களே, ஜெபம் வீண் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என் ஊழியத்தில் எனக்கு உரிமையுமில்லை. ஆனால் புளியங்கொட்டைக்குச் சத்துரு என்று பேர்சூட்டினால், வியாதியாயிருந்த ஒரு முதியவரைச் சத்துருவின் ஆயுதம் என்று எண்ண நேரிடுகிறது. அவர் கேட்டது உறக்கத்தை மாத்திரமே.

மறுநாள் அந்தச் சகோதரனும் சகோதரியும் கீழ்வீட்டுக்குப் போனார்கள். "தாத்தா, உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோம், மன்னியுங்கள், இனி ஒன்பது மணிக்குமேல் போடமாட்டோம்" என்று இந்தியில் சொன்னார்கள். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலாவது ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்ததை (மத்தேயு 5:23,24) அவர்கள் அன்றைக்குக் கைக்கொண்டார்கள்.

சத்தத்தைக் குறித்து நம் பெந்தெகொஸ்தே ஜனத்திற்குக் கூடுதலான பொறுப்பு உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலிருந்த நம்மைப்போன்ற ஒரு சபையின் ஒலிபெருக்கியைப் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. பிறருடைய அமைதியைக் கெடுத்து ஆராதிக்கும்படி எந்த மதமும் கற்பிக்கவில்லை என்ற கருத்தில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பளிக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் சுற்றுப்புற ஓசை பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை 45 டெசிபலும் தாண்டலாகாது என்று குறிக்கின்றன. அந்த அளவு ஒரு வீட்டின் ஒரு இயந்திரத்துக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆனாலும் இரவில் அயலானுக்கு எவ்வளவு அமைதி உரியது என்பதை அது நமக்குக் காட்டுகிறது. அயலூரில் வாழும் நமக்கு நம் அயலார் வாசிக்கும் முதல் வேதாகமம் நம் வீட்டு வாழ்க்கையே. எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருக்கக் கூடுமானவரையில் பிரயாசப்படும்படி பவுல் எழுதினாரே (ரோமர் 12:18).

இயந்திரம் செய்யாத வேலை

இப்போது புருஷர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன காரியத்தில் இன்னொரு சத்தமும் இருந்தது. அது பம்பிலிருந்து வந்ததல்ல. அந்தச் சகோதரி சில மாதங்களாகவே பாத்திரங்களைச் சத்தமாய் வைத்துக்கொண்டிருந்தார். அலமாரிக் கதவுகள் அறையப்பட்டன. கணவரோ, "மெஷின் வாங்கிக் கொடுத்தேனே, இன்னும் என்ன?" என்று சொல்லிவந்தார்.

இந்த இயந்திரத்தின் சரித்திரத்தைச் சற்றே கேளுங்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் என்ற அம்மையார், நீரைப் பீச்சியடித்துப் பாத்திரம் கழுவும் இயந்திரத்திற்கு 1886ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்றார். கணவர் 1883இல் இறந்துபோக, கையில் போதிய பணமுமில்லாமல், தன் முயற்சியால் அதை உருவாக்கினார். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது பாராட்டுப் பெற்றது. அன்றுமுதல் இன்றுவரை இயந்திரம் வெகுவாய் மாறிவிட்டது. ஆனால் எச்சிலைத் தட்டிவிடுவதும், பாத்திரங்களை அடுக்குவதும், உப்புப் போடுவதும், ஃபில்டரைக் கழுவுவதும், காய்ந்த பாத்திரங்களை எடுத்து வைப்பதும் இன்றைக்கும் மனுஷக் கைகளின் வேலையாகவே இருக்கின்றன. அந்தக் கைகள் யாருடையவை? நம் வீடுகளில் ஏறக்குறைய எப்போதும் ஒரே நபருடையவை. அவரும் வெளியே எட்டுமணிநேரம் வேலைசெய்து வருகிறவர்.

ஆகவே பாத்திரங்கள் சத்தமாய் வைக்கப்படும்போது, 'இவளுக்குக் கோபம் அதிகம்' என்று தீர்த்துவிடாதிருங்கள். எந்த வேளையில் அந்தச் சத்தம் எழும்புகிறது என்று கவனியுங்கள். இரவு பதினொரு மணிக்கா? நீங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையிலா? அந்தச் சத்தமும் ஒரு சாட்சியே. மனைவிகளோடு விவேகத்தோடு வாழும்படியும், அப்படிச் செய்யாவிட்டால் ஜெபங்களுக்குத் தடைவரும் என்றும் பேதுரு எச்சரிக்கிறார் (1 பேதுரு 3:7). ஒரு வீட்டில் ஜெபம் ஏன் தடைபடுகிறது என்று தேடுகிறவர்கள், சமையலறையையும் ஒருமுறை தேடிப்பார்ப்பது நல்லது.

அந்த நவி மும்பைச் சகோதரன் இப்போது ஃபில்டர் கழுவுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை மாலை, ஓய்வுநாள் ஆராதனைக்கு உடைகளை ஆயத்தம்பண்ணும் வேளையில், பத்து நிமிடம் முழங்கால்படியிட்டு அதைச் செய்கிறார். மாலைப் பணி நாட்களில் மனைவி வருமுன்னே எட்டரை மணிக்குப் பாத்திரங்களை அடுக்கி இயந்திரத்தைப் போட்டுவிடுகிறார். இயந்திரத்தின் சத்தமும் குறைந்தது. அலமாரிக் கதவுகளின் சத்தமும் குறைந்தது.

நம் ஆண்டவர் பந்தியைவிட்டெழுந்து, சீலையை அரையிலே கட்டிக்கொண்டு, சீஷருடைய கால்களைக் கழுவினார் (யோவான் 13:4,5). அந்த அறையில் அந்த வேலையைச் செய்ய வேறெவரும் எழுந்திருக்கவில்லை. போதகரும் ஆண்டவருமானவரே எழுந்தார்.

சகோதரனே, இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டு ஃபில்டரை நீங்கள் கழற்றுங்கள். சகோதரியே, சொல்லாமல் மனதில் அடக்கிவைத்திருக்கிற பாரம் இருந்தால், கதவுகள் பேசுமுன் நீங்களே சாந்தமாய்ப் பேசுங்கள். இருவருமாய்ச் சேர்ந்து கீழ்வீட்டாரை ஒருமுறை சந்தித்து, இரவில் உங்கள் வீட்டுச் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறதா என்று விசாரியுங்கள்.

அன்புள்ள பரலோகப் பிதாவே, அயலூர்களில் பிரயாசப்படுகிற எங்கள் குடும்பங்களை நினைத்தருளும். எங்கள் வீட்டில் எழும் சத்தங்களின் காரணத்தை அறியும் செவியைத் தாரும். தாழ்ந்த வேலையைச் செய்யும் மனதையும், மன்னிப்புக் கேட்கும் தைரியத்தையும் தாரும். எங்கள் அயலார் எங்கள்நிமித்தம் சமாதானமாய் நித்திரைசெய்யக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.